புத்தக வரலாறும் கலைநூல் செய்வதும்: இரண்டையும் ஒரே வகுப்பில் எப்படிச் சேர்ப்பது?

தாள்மடி (கேள்வி)

வணக்கம். காட்சிக்கலை படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன். புத்தகத்தின் வரலாறு, அப்புறம் கையால் புத்தகம் செய்வது, இரண்டும் சேர்ந்த ஒரே பாடம். வாரம் ஒரு நாள், மூன்று மணி நேரம், மொத்தம் பத்து வாரம். வகுப்பில் 18 பேர்.

போன முறை முதல் நான்கு வாரம் படங்கள் போட்டு வரலாறு எடுத்தேன். களிமண் பலகை, பாப்பிரஸ் சுருள், தோல் ஏடு, ஓலைச்சுவடி, காகிதம், அச்சு. மீதி ஆறு வாரம் செய்முறை. வரலாற்று வகுப்பில் எல்லோரும் அமைதியாகக் குறிப்பெடுத்தார்கள், தேர்விலும் நன்றாகவே எழுதினார்கள். ஆனால் ஐந்தாவது வாரம் ஊசியும் நூலும் கையில் வந்ததும் அந்த நான்கு வாரமும் எங்கோ போய்விட்டது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை.

கடைசி நாள் மேசையில் 18 புத்தகங்கள் வரிசையாக இருந்தன. பார்க்க அத்தனை அழகு. எடுத்துப் பிரித்தால் பதினைந்தில் உள்ளே ஒன்றும் இல்லை, வெள்ளைத் தாள். ஒரு மாணவி அட்டைத் துணியில் பூவேலை செய்யவே மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு இதழிலும் நூலின் நிறம் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல மெல்ல மாறும், அப்படி ஒரு வேலை. "உள்ளே என்னம்மா?" என்று கேட்டேன். "யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் எழுதிக்கலாம் மேடம்" என்றார். அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை. மூன்று வாரம் உழைத்த பெண்ணிடம், இதற்குள் சொல்ல உனக்கும் ஏதாவது இருக்கும் என்று நான் உணர்த்தவே இல்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

அடுத்த மாதம் புது வகுப்பு தொடங்குகிறது. வரலாற்றை எந்த இடத்தில் வைப்பது? வெற்று நோட்டிலிருந்து கலைநூலுக்கு, அதாவது புத்தகத்தையே தன் படைப்பாகச் செய்யும் இடத்துக்கு, இவர்களை எப்படிக் கூட்டிப்போவது? மதிப்பெண் எதைப் பார்த்துப் போடுவது? இன்னொரு சின்னச் சிக்கல்: பாதிப் பேருடைய அட்டை காய்ந்ததும் படகு மாதிரி வளைந்துவிட்டது. அதற்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

குத்தூசி

வணக்கம் மேடம். முப்பது வருடமாக பைண்டிங் வேலை செய்கிறேன். புதுசு தைப்பதை விட, பழசைப் பிரித்துச் சரிசெய்வதுதான் அதிகம். சில வருடமாகப் பட்டறையும் நடத்துகிறேன்.

வரலாற்றைத் தனியாக எடுக்காதீர்கள். நாம் இன்று பாடமாகச் சொல்கிற ஒவ்வொரு வடிவமும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருக்குத் தலைவலியாக இருந்த ஒரு சிக்கலுக்குக் கிடைத்த தீர்வு. அந்தத் தலைவலியை முதலில் மாணவர் கையில் கொடுங்கள். பெயரும் ஆண்டும் அப்புறம் வரட்டும், அப்போது அது தானாக ஒட்டிக்கொள்ளும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் நாள் ஆளுக்கு எட்டு ஏ4 தாள் கொடுப்பேன். நீளவாக்கில் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டச் சொல்வேன். அதில் அகரவரிசைப்படி நூறு சொற்கள் எழுத வேண்டும், ஒருவர் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி எழுதலாம். எழுதி முடிந்ததும் "ம-வில் தொடங்கும் மூன்றாவது சொல் என்ன?" என்று கேட்பேன். உருட்டுவார்கள், உருட்டுவார்கள், ஒரு முனை மேசையிலிருந்து கீழே ஓடும். இன்னொரு சொல்லைக் கேட்டால் திரும்பவும் பின்னால் சுருட்ட வேண்டும். அப்போதுதான் 868ஆம் ஆண்டில் சீனாவில் அச்சான வைர சூத்திரம் என்ற பௌத்த நூலைப் பற்றிச் சொல்வேன். ஏழு தாள்களை ஒட்டிச் செய்த சுருள், 5 மீட்டருக்கு மேல் நீளம், மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது. ஆண்டு குறிப்பிட்டு அச்சான முழு நூல்களில் நமக்குக் கிடைத்திருப்பதில் அதுதான் மிகப் பழையது. தொடர்ந்து ஓதிக்கொண்டே போகிறவருக்கு சுருள் ஒரு தொந்தரவே இல்லை. நடுவில் ஓரிடத்தைத் தேடுகிறவருக்குத்தான் தொந்தரவு. இதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

அதே சுருளை எடுத்து முன்னும் பின்னுமாக விசிறி மாதிரி மடிக்கச் சொல்லுங்கள். இப்போது அந்தச் சொல்லை எத்தனை நொடியில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். கிழக்காசியாவில் சுருளிலிருந்து இந்த மடிப்பு நூலுக்குத்தான் போனார்கள். புதுத் தாள் வேண்டாம், புதுக் கருவி வேண்டாம், ஒரே பொருள் கண்ணெதிரே வேறொன்றாக மாறுகிறது.

இரண்டாவது வாரம், இருபது தாளை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்து ஒரே கட்டாகத் தைக்கச் சொல்வேன். மடித்ததும் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் தாள்கள் வெளித்தாளை விட இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். கட்டைவிரலால் தடவினால் சரிவு தெரியும். ஓரத்தைச் சமமாக வெட்டினால், நடுப்பக்கத்தின் அகலம் முதல் பக்கத்தை விடக் குறைந்துபோகும். 1945இல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே ஒரு ஜாடிக்குள் கிடைத்த தோலட்டை ஏடுகள் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவை இப்படி ஒரே கட்டாக மடித்தவை. அவற்றிலும் நடுத்தாள்கள் ஒடுங்கித்தான் இருக்கின்றன. பதினாறு நூற்றாண்டுக்கு முன் ஒருவர் பட்ட பாட்டை நம் மாணவர் இப்போது தன் கட்டைவிரலில் உணர்கிறார். "அப்போ சின்னச் சின்னக் கட்டா மடிச்சு, எல்லாத்தையும் சேர்த்துத் தைக்கலாமே" என்று யாராவது ஒருவர் சொல்வார். ஒவ்வொரு தடவையும் யாராவது சொல்லியே இருக்கிறார்கள். அன்றைக்கே அந்தத் தையலைச் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

மூன்றாவது வாரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பெரிய தாள். மூன்று முறை மடித்தால் எட்டு ஏடு, பதினாறு பக்கம். அச்சகத்தில் ஒரு ஃபாரம் என்பார்களே, அதுதான். வெட்டாமல், ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போடச் சொல்லுங்கள். ஓரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி எட்டிப்பார்த்துத்தான் போட முடியும். போட்டு முடித்ததும் விரிக்கச் சொல்லுங்கள். வகுப்பே ஒரு நிமிடம் பேசாமல் இருக்கும். 1க்குப் பக்கத்தில் 16. அதற்கு மேலே தலைகீழாக 8ம் 9ம். அருகருகே வரும் எண்களைக் கூட்டச் சொல்லுங்கள்: முதுகோடு முதுகாகச் சேரும் ஒவ்வொரு ஜோடியும் 17. அச்சுக்கோப்பவர் இப்படிச் சிதறிக் கிடக்கும் வரிசையைத்தான் தலைக்குள் வைத்திருந்தார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான தம்பிரான் வணக்கம், 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது, மொத்தமே 16 பக்கம்தான். உங்கள் மாணவர் கையில் இருப்பதும் அதே 16 பக்கம்.

குட்டன்பெர்க் விவிலியத்தையும் அங்கேயே சொல்லிவிடலாம். 1455 வாக்கில் அச்சானது, சுமார் 180 பிரதி. அதை 42 வரி விவிலியம் என்பார்கள், ஆனால் தொடக்கத்தில் சில பக்கங்களில் 40 வரிதான் இருக்கும், அப்புறம் 41, அதன் பிறகே 42. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பக்கத்தில் இன்னும் இரண்டு வரியை அடக்கியிருக்கிறார்கள். தாளைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் எந்த பைண்டருக்கும் இது புரியும்.

அட்டை வளைவதைப் பற்றி. காகிதத்துக்கும் அட்டைக்கும் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. ஈரம் பட்டால் நாருக்குக் குறுக்காகத்தான் விரியும், நீளவாக்கில் அவ்வளவாக விரியாது. அட்டையின் நார் ஒரு பக்கமும் மேலே ஒட்டும் தாளின் நார் இன்னொரு பக்கமும் ஓடினால், காயும்போது ஒன்றையொன்று இழுக்கும். எல்லாவற்றின் நாரும் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். திசை தெரிய, தாளின் ஒரு சின்னத் துண்டை ஒருபக்கம் மட்டும் நனைத்துப் பாருங்கள், குழல் மாதிரி சுருளும். குழல் எந்தப் பக்கம் நீளமோ அதுதான் நாரின் திசை. அட்டையாக இருந்தால் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளையும் மடிப்பு நாருக்கு இணையானது. வெளியே தாள் ஒட்டினால் உள்ளேயும் ஒட்டுங்கள், இழுப்பு சமமாகும். ஒட்டியதும் இரண்டு பலகைக்கு நடுவில் கனம் வைத்து ஒரு இரவு முழுக்க விடுங்கள். மாணவர்கள் அவசரப்பட்டு எடுத்துப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

தாள்மடி

ஐயா, உங்கள் பதிலை மூன்று முறை படித்துவிட்டேன். ஒரு தாளை எடுத்து மடித்து நானே எண் போட்டுப் பார்த்தேன். 8ஐயும் 9ஐயும் முதல் தடவை தவறாகத்தான் போட்டேன். அந்த நாக் ஹம்மாதி ஏட்டின் படத்தைப் போன முறை நானும் காட்டினேன், ஆனால் அதன் ஓரத்தை யாரையும் பார்க்கச் சொல்லவில்லை.

பழைய நூல்களை மாணவர் தொடலாமா? ஒரு நூலகத்தில் கேட்டபோது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் அனுமதித்தார்கள்.

ஏடுகாப்பு

நான் அரிய நூல்களுக்கு அட்டவணை போடும் வேலையில் இருக்கிறேன், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

அரிய நூல் என்றால் அந்தந்த இடத்தின் விதிதான். ஆனால் காகித நூலைத் தொட வெள்ளைக் கையுறை வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கைதான் நல்லது. கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் மென்மை தெரியாது, ஓரம் கிழியும். கையுறை புகைப்படங்களுக்கும் உலோகத்துக்கும்தான்.

ஆனால் உங்கள் வகுப்புக்கு அரிய நூல் தேவையே இல்லை என்பேன். கழித்துப் போடப்போகிற சாதாரணப் புத்தகங்களைச் சேகரித்து, ஆளுக்கு ஒன்று கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். கத்தியால் முதுகை அறுக்க வேண்டாம். அட்டையைக் கழற்றி, பசையைச் சுரண்டி, தையல் இருந்தால் நூலை ஒவ்வொன்றாக வெட்டி, வந்த வரிசையிலேயே மேசையில் பரப்ப வேண்டும். சிலருக்குத் தைத்த ஃபாரங்கள் வரும், சிலருக்கு முதுகில் வெறும் பசையால் ஒட்டிய தனித்தனித் தாள்கள் வரும். ஏன் ஒன்று தட்டையாக விரிகிறது, இன்னொன்று படிக்கும்போதே விரலை நசுக்குகிறது என்று அப்போது தெரியும். தாள் பழுப்பேறி விளிம்பு உடைகிறதா என்றும் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் செய்த தாள்களில் இருக்கும் அமிலம் அவற்றை உள்ளிருந்தே அரிக்கிறது. அதை விட முன்னூறு வருடம் பழைய, கந்தல் துணிக் கூழில் செய்த தாள் பல சமயம் வெள்ளையாகவே இருக்கும். இது மாணவர்களை எப்போதும் ஆச்சரியப்படுத்தும், அப்புறம் தங்கள் வேலைக்கு எந்தத் தாளை வாங்குவது என்று தாங்களே விசாரிக்க ஆரம்பிப்பார்கள்.

ஓலைச்சுவடிக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், ஓலையே வேண்டாம். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும், அதனால் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் ஒரே கொம்புதான். காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. மாணவர்களிடம் தங்களைப் பற்றி நான்கு வரி இந்த விதிகளின்படி எழுதி, பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "கெடு" என்று எழுதியிருப்பதைக் கெடு என்று படிப்பதா கேடு என்று படிப்பதா? "கொடு" என்றால் கொடுப்பதா, கோடு போடுவதா? முன்பின் வரும் சொற்களை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். படிக்கிறவர் பாதி எழுத்தாளராகவே ஆகிவிடுகிறார். ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவம் வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வழியாக. எழுதும் பொருள் எழுத்தின் வடிவத்தையே பிடித்து வைத்திருந்தது என்பதை இதைவிடப் பக்கத்தில் வைத்துக் காட்ட எனக்கு வேறு உதாரணம் தெரியவில்லை.

ஓலையில் கீறியது அப்படியே பார்த்தால் சரியாகத் தெரியாது. விளக்குக்கரி போன்ற மையைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் தங்கும், அதற்கு மையாடல் என்று பெயர். மை போகப்போக மங்கிய ஓர் ஏட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வரி வரியாக எழுத்து எழும்பி வரும். பல வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு அந்த நொடி பழகவில்லை. மெழுகு தடவிய அட்டையில் ஆணியால் கீறி, கரி தடவித் துடைத்து உங்கள் வகுப்பிலேயே இதைச் செய்து காட்டலாம்.

மைவிரல்

கலைநூல் பக்கத்திலிருந்து பேசுகிறேன், நான் அச்சுக்கலைஞர்.

நல்ல கலைநூல்களை முதல் வாரமே காட்டிவிடாதீர்கள். அடுத்த வாரமே அதன் நகல்கள் வந்து நிற்கும். கை ஓரளவு பழகிய பிறகு, ஐந்தாவது ஆறாவது வாரத்தில் காட்டுங்கள். நிறைய வேண்டாம், நான்கைந்து போதும். ஆனால் ஒவ்வொன்றிலும் "இது ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது?" என்று கேட்டு, பதில் வரும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

நான் வழக்கமாகக் காட்டுவது: 1913இல் சோனியா டெலோனே வண்ணமும் பிளேஸ் சாந்த்ரார் கவிதையுமாகச் செய்த ரயில் பயணக் கவிதை. விரித்தால் சுமார் 2 மீட்டர். வண்ணமும் சொல்லும் அருகருகே கீழ்நோக்கி ஓடும். 150 பிரதி என்று திட்டமிட்டார்கள், ஏனென்றால் 150ஐயும் நுனியோடு நுனி வைத்தால் ஈஃபெல் கோபுரத்தின் உயரம் வரும். அந்தக் கவிதை முடிகிற இடமும் அந்தக் கோபுரம்தான். அடுத்து 1923இல் எல் லிசிட்ஸ்கி வடிவமைத்த மாயகோவ்ஸ்கியின் கவிதை நூல். மேடையில் உரக்கப் படிப்பதற்கான கவிதைகள் அவை, அதனால் முகவரிப் புத்தகம் மாதிரி ஓரத்தில் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு குறி. படிக்கிறவர் விரலை வைத்ததும் வேண்டிய கவிதை வந்துவிடும். அப்புறம் புரூனோ முனாரி 1949இல் தொடங்கிய, ஒரு சொல்கூட இல்லாத நூல்கள்: வண்ணத் தாள், வெட்டு, தையல், அவ்வளவுதான். பக்கம் புரட்டுவதே கதையாகிவிடும். எட் ரூஷே 1963இல் வெளியிட்டது 26 பெட்ரோல் நிலையங்களின் புகைப்படங்கள், முதல் பதிப்பு 400 பிரதி, சாதாரண ஆஃப்செட் அச்சு. கையால் செய்த அலங்காரம் எதுவுமே அதில் இல்லை. கலைநூல் என்றால் அபூர்வத் தாளும் தோலட்டையும் என்று நினைக்கும் மாணவருக்கு இதை அவசியம் காட்டுங்கள். வில்லியம் பிளேக்கையும் விட்டுவிடாதீர்கள். 1789இல் செப்புத் தகட்டில் எழுத்தையும் படத்தையும் தானே கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி எழுதி, அமிலத்தில் அரித்து, தானே அச்சிட்டு, மனைவி கேத்தரினும் சேர்ந்து கையால் வண்ணம் தீட்டினார். எழுதுபவர், வரைபவர், அச்சிடுபவர் என்று யாரிடமும் கை மாறாமல் ஒரு நூல் வெளிவந்தது.

வெற்று நோட்டுச் சிக்கலுக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து: எல்லோருக்கும் ஒரே பன்னிரண்டு வரியைக் கொடுங்கள். மாணவர் எழுதியது வேண்டாம், கதையும் வேண்டாம். ஒரு கதவைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போடுவது எப்படி என்ற அளவுக்கு எளிய வரிகள். அதை ஒரு தடவை சுருளாக, ஒரு தடவை விசிறி மடிப்பாக, ஒரு தடவை தைத்த நூலாகச் செய்ய வேண்டும். மூன்றிலும் எந்த வரி எங்கே முறிகிறது, எது பக்கத்தின் பின்னால் ஒளிகிறது, எது கண்ணில் முதலில் படுகிறது என்று மாறிக்கொண்டே இருக்கும். "விளக்கைப் போட்டேன்" என்ற வரியைப் பக்கம் புரட்டியதும் தனியாக வைத்தவர் ஒருவர் இருப்பார். அவருடைய நூலை எல்லோருக்கும் ஒருமுறை புரட்டிக் காட்டுங்கள், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

மதிப்பெண்ணுக்கு: நூலின் கடைசிப் பக்கத்தில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள், பழைய அச்சகத்தார் யார், எங்கே, எப்போது முடித்தார் என்று கடைசியில் போடுவார்களே, அது மாதிரி. அதில் ஒரு கேள்விக்கு விடை இருக்க வேண்டும்: இதே விஷயம் வேறு வடிவத்தில் இருந்திருந்தால் எது காணாமல் போயிருக்கும்? விடை சொல்ல முடியாதவருக்கு வேலை இன்னும் முடியவில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தையல் சுத்தத்துக்கு நான் பாதிக்கும் குறைவாகவே போடுவேன்.

வெள்ளைத்தாள்

நான் ஆசிரியர் இல்லை, இப்படி ஒரு வகுப்பில் படித்தவள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வெற்று நோட்டை அவ்வளவு வெறுக்காதீர்கள் மேடம். நான் முதல் நான்கு புத்தகமும் வெறுமையாகத்தான் தைத்தேன். முதலாவதில் நூலை இழுத்த இழுப்பில் மடிப்பே கிழிந்தது. இரண்டாவது தொளதொளவென்று ஆடியது. நான்காவதில்தான் நூல் எவ்வளவு இறுக வேண்டும் என்று விரலுக்குப் பிடிபட்டது. அந்த நேரத்தில் உள்ளே என்ன சொல்லப்போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் தையலும் வந்திருக்காது, சொல்லவும் வந்திருக்காது. ஐந்தாவதில்தான் எழுதினேன். அந்தப் பூவேலைப் பெண்ணுக்கும் அடுத்ததாக ஒன்று செய்ய நேரம் கிடைத்திருந்தால் உள்ளே ஏதாவது வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

குத்தூசி

வெள்ளைத்தாள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் பயிற்சி நோட்டுகளைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள், உள்ளங்கை அளவு, நான்கு ஃபாரம், அட்டை வேண்டாம். வாரம் ஒன்று தைக்கட்டும், தைத்ததை அங்கேயே அறுத்துத் திரும்பத் தைக்கட்டும். பூவேலை செய்யும் அளவுக்கு அதன்மேல் ஆசை வராது. நூலுக்குத் தேன்மெழுகு தடவுங்கள், முடிச்சு விழாது.

தாள்மடி

பத்து வாரம் முடிந்து இப்போதுதான் வருகிறேன். எல்லோருக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஐயா சொன்ன 16 பக்க மடிப்பு நடந்த அன்று, ஓரம் வெட்டாத புத்தகங்களைப் பற்றியும் பேச்சு வந்தது. ஒரு காலத்தில் புத்தகங்கள் மடிப்போடு அப்படியே விற்கப்பட்டன, வாங்கியவர் ஒரு சின்னக் கத்தியை வைத்துப் பக்கம் பக்கமாக அறுத்துக்கொண்டே படிப்பார் என்று சொன்னேன். அவ்வளவுதான், அதற்கு மேல் அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

வகுப்பில் ஒரு மாணவருக்குத் திக்குவாய். பத்து வாரத்தில் அவர் வகுப்பின் முன் பேசியது இரண்டு தடவை இருக்கும். கடைசி நாள் என் மேசைக்கு வந்து ஒரு சின்ன நூலையும், மரத்தில் செய்த ஒரு தட்டைக் கத்தியையும் வைத்துவிட்டு நின்றார். ஒரே ஃபாரம், 16 பக்கம், நடுவில் மூன்று துளையில் தைத்திருந்தார். ஓரம் எதுவும் வெட்டவில்லை. முதல் பக்கத்தில் "என்" என்று இருந்தது. இரண்டு மூன்றில் "என் பெ", நான்கு ஐந்தில் "என் பெ பெ". லினோ என்ற மென்மையான தகட்டில் வெட்டி அச்சிட்ட எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் மை கூடிக்கொண்டே வந்தது. அப்புறம் 10, 11ஆம் பக்கம். அந்த மடிப்பில் 10-11ம் 14-15ம் மேலேயும் ஓரத்திலும் இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கும். கீழே மட்டும்தான் திறப்பு. எட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ கறுப்பாக இருப்பது தெரிகிறது, படிக்க முடியவில்லை.

கத்தியை எடுத்தேன். மர விளிம்பு மழுங்கலாக இருந்ததால் ஒரே இழுப்பில் வராது, அறுத்து அறுத்துத்தான் போக வேண்டும், அதுவும் தாள் கிழியாமல். மேல்மடிப்புக்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படவில்லை. நான்தான் அவசரப்பட்டேன், பின்னால் வேறு மாணவர்கள் காத்திருந்தார்கள். அந்த அரை நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, அவர் பேசும்போது எதிரே நிற்கிற நாங்கள் எல்லோரும் எப்படி நிற்கிறோம் என்று. 10-11இல் சொல்லின் நடுப்பகுதி இருந்தது. 14-15ஐ அறுத்தால் அவருடைய பெயர், முழுதாக, மிகச் சிறிய எழுத்தில்.

கடைசிப் பக்கக் குறிப்பில் மைவிரல் சொன்ன கேள்விக்கு ஒரே வரியில் எழுதியிருந்தார்: "சுருளாகச் செய்திருந்தால் நீங்கள் காத்திருக்க மாட்டீர்கள்."

அவர் மொத்தம் மூன்று பிரதி செய்திருக்கிறார். ஒன்றை நான் அறுத்துவிட்டேன். மீதி இரண்டையும் துறையின் தொகுப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. அறுக்காமல் வைத்தால் யாரும் படிக்க முடியாது. அறுத்துவிட்டால் அந்த நூலே முடிந்துவிடுகிறது. ஏடுகாப்பு, இந்த மாதிரி வந்தால் நீங்கள் எப்படி வைப்பீர்கள்?

ஏடுகாப்பு

ஒன்றை மடிப்போடு அப்படியே வையுங்கள், அட்டவணையில் "ஓரம் திறக்கப்படாத பிரதி" என்று தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வரும் யாராவது நல்லெண்ணத்தில் அறுத்து வைத்துவிடுவார்கள். நீங்கள் அறுத்த பிரதியையும் சேர்த்தே வையுங்கள், கிழிந்த விளிம்பைச் சீர் செய்ய வேண்டாம். மூன்றாவதைப் பற்றி அந்த மாணவரிடமே கேளுங்கள். அடுத்த வகுப்பில் யாரோ ஒருவர் கையில் கத்தியோடு கொடுப்பதற்காக அவர் அதைச் செய்திருக்கலாம். மரக்கத்தியையும் பெட்டிக்குள் போடுங்கள், அதற்கும் தனியாக ஓர் எண் கொடுங்கள், அது நூலின் பகுதிதான்.